சாம்பல் குதிரையில் ஒரு சாப்பாடு

அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அவரைச் சாம்பல் குதிரைக்குச் சாப்பிடக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னவள் நான்தான். அவர் அப்போது செய்தித்தாளில் பந்தயப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அங்க எனக்கு எடமில்ல, லொரேன். உனக்குத் தெரியாததா?"

"அது இப்ப பப் இல்லப்பா. இந்தியச் சாப்பாட்டுக் கடை. நடத்துறவங்களுக்கு உங்கள யாருன்னே தெரியாது."

"கட்டடம் அதேதான?"

"கட்டடத்துக்கா உங்க மேல கோவம்?"

அவர் பக்கத்தைப் புரட்டினார். ஒரு வாரம் கழித்து, நான் அவருக்குச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த நீலச் சட்டையையும் போட்டு வையி. புதன்கெழமைக்கு ஆகும்" என்றார். அதுதான் சம்மதம்.

எங்கள் ஊர் ஹாட்டர்பி, யார்க்ஷயரில் நிலக்கரியை நம்பிப் பிழைத்த ஊர்களில் ஒன்று. சுரங்கத் தொழிலாளர்களின் அந்தப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஏறக்குறைய ஓராண்டு ஊரே ஒன்றாக நின்றது. தொழிற்சங்கக் கூடத்தில் பெண்கள் சேர்ந்து சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுத்தான் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினோம். கரி வெட்டுகிறவர்கள் வீட்டில் கணப்புக்குக் கரி இல்லை. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. அப்பா உள்கதவுகளைக் கழற்றி எரித்தார். பிறகு மாடிப்படியின் கைப்பிடியை எரித்தார். எரிக்க ஒன்றும் இல்லாமல் போன ஒரு காலையில், ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட பேருந்தில் ஏறி, மறியல் செய்தவர்களின் கூச்சலுக்கு நடுவே வேலைக்குப் போனார். வேலைநிறுத்தம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும்?

கருங்காலி என்ற சொல் அன்று மாலையே எங்கள் வீட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது. மறுநாள் முன்னறை ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு கரிக்கட்டி உள்ளே வந்து விழுந்தது. எங்கள் பக்கத்தில் வேலைக்குத் திரும்பியவன் வீட்டின் மேல் கல் எறிய மாட்டார்கள். கரிதான் எறிவார்கள். கரிக்காகத்தானே போனாய், இந்தா வைத்துக்கொள் என்று அதற்குப் பொருள். அம்மா கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு அந்தக் கட்டியை எடுத்துக் கணப்பில் போட்டாள்.

அப்பா நெவிலுக்குச் சாம்பல் குதிரைதான் இரண்டாவது வீடு. அங்கேதான் அவர் அம்மாவைக் கல்யாணத்துக்குக் கேட்டார். அவருக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் லெஸ். சுரங்கத்துக்குள் பதினைந்து வருஷம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டுக் கரி வெட்டியவர்கள். அந்த லெஸ்தான் பப்பில் எல்லோரையும் கை தூக்கச் சொல்லி, இனி உயிருள்ளவரை நெவில் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று முடிவு செய்து, அதை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டும் போனார். சொல்லும்போது அவர் அழுததாக அம்மா உயிரோடு இருந்தவரை சொல்வாள். அப்பா அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

சுரங்கம் மூடியது. இளவட்டங்கள் நகரத்துக்குப் போனார்கள். பப்பில் கூட்டம் குறைந்து, கடைசியில் பலகை அடித்துச் சாத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் கூரையில் புல் முளைத்துக் கிடந்தது. அதை மொக்லிஸ் மியா வாங்கினார். அவர் வங்காளதேசத்தில் சில்ஹெட் பக்கத்துக்காரர். இந்தியச் சாப்பாடு என்று பலகையில் எழுதினால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும் என்பது அவருக்குத் தெரியும். தன் ஊர்ப்பக்கத்து ஆற்றின் பெயரில் 'சுர்மா' என்று புதுப்பெயர் வைத்தார். நாங்கள் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. மொக்லிஸ் பீர் ஊற்றும் பழைய நீளமேடையை இடிக்காமல் விட்டுவைத்தார். அதனால் லெஸ்ஸும் மிச்சமிருந்த இரண்டு மூன்று கிழவர்களும் வெள்ளிக்கிழமைகளில் வந்து ஆளுக்கொரு பீரும் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலுமாக உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்துத்தான் நான் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை, கடை வாசலில் அப்பா தானாகவே தலையைத் தாழ்த்தினார். அங்கே ஒரு தாழ்ந்த உத்திரம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அடுத்து ஒரு படி இறங்கவேண்டும் என்று காலை நீட்டினார். படியை மொக்லிஸ் நிரவிவிட்டிருந்தார். அப்பா தடுமாறி என் தோளைப் பிடித்தார்.

"பாத்து சார், பாத்து," என்று மொக்லிஸ் ஓடிவந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் துண்டு. "எல்லாரும் வழுக்கி விழுறாங்கன்னு சமமாக்கினேன். நீங்க என்னடான்னா இல்லாத படியில விழப் பாக்கறீங்க. முன்னாடி வந்திருக்கீங்களோ?"

"ரொம்ப முன்னாடி, தம்பி."

"அப்ப நீங்க புது ஆளில்ல, பழைய ஆளு. நல்ல எடமாப் போடறேன்."

கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். சுவரெல்லாம் சிவப்புக் காகிதம், மேசையில் வெள்ளைத் துணி. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "டார்ட்ஸ் பலகை அங்க இருந்துச்சு. பியானோ அந்த மூலையில. உங்கம்மா அதுல ரெண்டு விரலால வாசிப்பா," என்றார். அவ்வளவு வார்த்தைகளை அவர் சேர்த்துச் சொல்லி நான் கேட்டு நாளாகியிருந்தது.

அப்பளத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கையால் நொறுக்கிக் காட்டியதும் சிரித்தார். வாய் எரியாத குழம்பு எது என்று கேட்டார். பாதாமும் பாலாடையும் போட்ட கோழிக் குழம்பை மொக்லிஸ் கொண்டுவந்து வைத்தார். அவர் மனைவி ருஷ்னா சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பிறந்தநாள் என்று நான் சொல்லியிருந்தேன். ருஷ்னா புருஷனிடம் என்னவோ சொல்ல, மொக்லிஸ் மொழிபெயர்த்தார்: "ஒங்க அப்பா முகம் அவங்க பெரியப்பா முகமாட்டம் இருக்காம். வெள்ளையா இருக்கறது ஒண்ணுதான் குறையாம்." அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று மாலை தொலைக்காட்சியில் கால்பந்து ஆட்டம் இருந்தது. ஆட்டம் பார்க்க அந்தக் கிழவர்கள் இங்கேதான் வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

லெஸ் முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மகன் டாரன், அப்புறம் இன்னும் இரண்டு பேர். மேடையருகே போய் நின்று பீர் கேட்டார்கள். குவளையை வாயருகே கொண்டுபோன லெஸ் எங்களைப் பார்த்துவிட்டார். குவளை அப்படியே கீழே இறங்கியது.

"அவன் இங்க என்ன பண்றான்?"

"யாரு சார்?" என்றார் மொக்லிஸ்.

"கணப்புக்கிட்ட ஒக்காந்திருக்கானே, அந்தக் கருங்காலி. அவன வெளிய அனுப்பு."

"பொறந்தநாளுக்கு வந்திருக்காரு சார். என்ன தகராறு?"

"அவனையே கேளு. அவன் இருக்கற எடத்துல நாங்க குடிக்க மாட்டோம்."

மொக்லிஸ் எங்கள் மேசைக்கு வந்தார். முகம் சுண்டியிருந்தது. "சார், அங்க ஏதோ சொல்றாங்க…"

அப்பா மடித்துணியை மேசையில் வைத்தார். "நான் போயிடறேன் தம்பி. ஒனக்கு வம்பு வேண்டாம்."

"ஒக்காருங்கப்பா," என்றேன்.

மொக்லிஸ் அப்பாவின் தட்டைப் பார்த்தார். பாதிகூட ஆகியிருக்கவில்லை. பிறகு மேடைப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சார், உங்க ஊர்ச் சண்டை எனக்குத் தெரியாது. ஆனா தட்டுல சோறு வெச்ச ஆள எழுப்பி அனுப்பற பழக்கம் எங்க வீட்ல இல்ல."

லெஸ் குடிக்காமலே குவளையை மேடையில் வைத்தார். போகிற வழியில் எங்கள் மேசையருகே நின்றார். மூச்சு வாங்கியது. கரித்தூள் தின்ற நெஞ்சு அவருடையதும்தான்.

"என்ன நெவில், சோறு எறங்குதா?"

"எறங்குது லெஸ். ஒக்காரேன்."

"ஒன்னோடவா?"

"என்னோடதான். நமக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?"

லெஸ்ஸின் தாடை அசைந்தது. ஒரு நொடி, உட்கார்ந்துவிடுவார் என்றே நினைத்தேன். டாரன்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தான். "வாப்பா. வெக்கங்கெட்டவனோட என்ன பேச்சு." நாற்பது தாண்டிய ஆள். வேலைநிறுத்தத்தின்போது அவனும் என்னைப் போலச் சின்னப் பிள்ளைதான். ஆனால் அப்பனைவிட அவனுக்குத்தான் ஆத்திரம் அதிகம். சுரங்கம் இருந்திருந்தால் தனக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும் என்று நம்புகிறவன்.

அவர்கள் போனபின் அப்பா மிச்சத்தை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். ஒரு பருக்கை விடவில்லை.

விடிந்தபோது ஊரில் போலீஸ் வண்டி நின்றது. இரவில் யாரோ சாம்பல் குதிரையின் ஜன்னல்களை உடைத்துவிட்டார்கள். கீழ் ஜன்னலோடு விட்டிருந்தால் கண்ணாடியோடு போயிருக்கும். சத்தம் கேட்டு, கடைக்கு மேலேயே குடியிருந்த ருஷ்னா மாடியறை ஜன்னலுக்கு வந்து திரையை விலக்கியிருக்கிறார். அடுத்த வீச்சு அங்கே வந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்று மதியம் தெரிந்தது.

நான் போய்ப் பார்த்தபோது, நகரத்திலிருந்து வந்த இளம் போலீஸ்காரர் கையுறை போட்டுக்கொண்டு, தரையில் கிடந்ததைப் பிளாஸ்டிக் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்பாக, என் கைமுட்டி அளவுக்கு, ஒரு பக்கம் பளபளவென்று. கரிக்கட்டி.

சுற்றி எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது பேராவது நின்றிருந்தார்கள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும், எதற்கென்று தெரியும். ஒருவர் வாய் திறக்கவில்லை. நானும் அந்த நிமிஷம் பேச்சற்றுத்தான் நின்றேன்.

நிறவெறித் தாக்குதல் என்று செய்தித்தாள் எழுதியது. ஊரே திரண்டு வருத்தப்பட்டது. பாதிரியார் வாசலில் நின்று ஜெபித்தார். வெறுப்புக்கு இங்கே இடமில்லை என்று அட்டையில் எழுதி மாட்டினார்கள். பூங்கொத்துகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டில் சுட்ட கேக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அவர்கள் வருத்தம் பொய்யில்லை. ஆனால் எங்கிருந்தோ வந்த வெறியன் செய்தான் என்று சொல்லிக்கொள்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது. மூன்றாம் நாள் லெஸ்ஸும் வந்து அந்தக் கூட்டத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம்.

அப்பாவிடம் கரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்தான் கேட்டார்.

"கல்லா?"

"இல்லப்பா."

அவர் எழுந்து கோட்டை மாட்டினார்.

நாங்கள் போனபோது மொக்லிஸ் இருண்ட கூடத்தில் தனியாக இருந்தார். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். சமையல் இல்லாததால் கட்டடத்தில் வேறு வாசனை வந்தது. பழைய பீர் வாசனை.

"தம்பி, அது உன்னால இல்ல," என்றார் அப்பா. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேலைநிறுத்தம், பேருந்து, லெஸ், கரிக்கட்டி எதற்கு எறிவார்கள் என்பது. அவ்வளவையும் என்னிடமே அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

மொக்லிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "அப்ப எங்க தோல் நெறம் இல்ல காரணம்," என்றார்.

"இல்ல. நீ எனக்குச் சோறு போட்டதுதான்."

"மூணு நாளா என் புள்ளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம ஒக்காந்திருக்கேன். இந்த ஊருக்கு நம்மளப் புடிக்கலன்னு சொல்லிட்டேன். இப்ப என்ன சொல்லட்டும்? நம்மள யாரும் வெறுக்கல, ஒரு கெழவனத்தான் வெறுக்கறாங்க, உங்கம்மா கண்ணு நடுவுல வந்துருச்சுன்னா?" அவர் குரல் உயரவில்லை. அதனாலேயே அதைத் தாங்க முடியவில்லை. "பூவோட வந்தாங்களே எல்லாரும். அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"ஒருத்தர்கூடச் சொல்லல." பிறகு, "யாரு எறிஞ்சான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"நெனைக்கிறேன். நிச்சயம் பண்ணிட்டுப் போலீஸ்ல சொல்றேன்."

"சொல்லுங்க. சொல்லாட்டியும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா சார், இனிமே இங்க வராதீங்க."

அப்பா தலையசைத்தார். "சரி தம்பி," என்றார். மொக்லிஸ் கூடவே வந்து கதவைத் திறந்துவிட்டார். அத்தனைக்கு நடுவிலும் அந்த மரியாதை அவரைவிட்டுப் போகவில்லை.

அங்கிருந்து அப்பா வீட்டுக்கு வரவில்லை. லெஸ்ஸின் தெருவுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். ஊரில் எல்லோரும் எரிவாயுவுக்கு மாறிவிட்டார்கள். இன்னும் கரி எரிக்கும் வீடு லெஸ்ஸுடையது ஒன்றுதான். பக்கவாட்டில் கரிக்கொட்டகை திறந்தே கிடந்தது.

கதவைத் திறந்த லெஸ் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"நான் எறியல நெவில்."

"தெரியும். ஒன் கை தோளுக்கு மேல போகாது. அவன்தான?"

லெஸ் கரிக்கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணு போயிருச்சு லெஸ்."

"மேல ஜன்னல்ல ஆள் வந்து நிப்பாங்கன்னு அவன் நெனைக்கல. குடிச்சிருந்தான். வந்து என் மடியில தலைய வெச்சு அழுதான்டா." முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர் அப்பாவை 'டா' போட்டார். அவருக்கே அது தெரிந்திருக்காது. "என் புள்ளையக் கொண்டுபோய் நானே ஒப்படைக்கவா? ஒன்னால முடியுமா?"

"நீ ஒப்படைச்சா அவனுக்கு நல்லது. நாளைக்கு மதியம்வர பாக்கறேன்."

"அப்பறம்?"

"நான் போய்ச் சொல்லுவேன்."

லெஸ்ஸின் முகம் மாறியது. "சொல்லுவ. நீ சொல்லாம யாரு சொல்லுவா? எங்கள ஒரு தடவ வித்தவன்தான." கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் மதியம்வரை அப்பா ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். லெஸ்ஸின் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. நான் காரில் கூட்டிப்போனேன். போலீஸ் நிலையத்தில் கரியைப் பற்றியும் லெஸ் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். நீதிமன்றத்தில் வந்து சொல்வீர்களா என்று கேட்டார்கள். சொல்வேன் என்றார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "இதுக்கப்புறம் இந்த ஊர்ல எப்படிப்பா இருப்பீங்க?"

"இவ்வளவு நாள் எப்படி இருந்தேன்?"

கொஞ்ச தூரம் போனபின் அவரே பேசினார். "அன்னிக்கு அந்த பஸ்ல ஏறினதுக்கு நான் வருத்தப்படாத நாளில்ல. உங்கம்மாவுக்காகத்தான் ஏறினேன், இருந்தாலும் வருத்தம். இன்னிக்கு வருத்தமா இருக்கான்னு நானும் தேடிப் பாத்துட்டேன். இல்ல."

டாரன் அன்று மாலையே ஒப்புக்கொண்டான். சாட்சிக்கு அப்பாவைக் கூப்பிட வேண்டிவரவில்லை. அவனுக்கு நான்கு வருஷம் சிறை கிடைத்தது. தண்டனை வந்த வாரம் எங்கள் வீட்டுச் சுவரில் பழைய சொல்லே மறுபடி எழுதப்பட்டிருந்தது. இந்த முறை ஸ்ப்ரே பெயின்ட். பால் வாங்கும் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். பூங்கொத்து வைத்த பெண்களில் ஒருத்தி என்னிடம் நேராகவே சொன்னாள்: "ஒங்கப்பாவுக்கு அடுத்தவன் குடும்பத்தக் கெடுக்கறதே வேலையாப் போச்சு." ருஷ்னாவின் குடும்பத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. வசந்தம் வருமுன் லெஸ் நெஞ்சடைத்து இறந்துபோனார். சவ ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும். அப்பா திரைக்குப் பின்னால் நின்றபடி, ஊர்வலம் முழுதும் கடந்துபோகும்வரை பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மொக்லிஸ் கடையை மறுபடி திறக்கவேயில்லை. பிராட்ஃபோர்டில் அவர் மச்சானுக்கு ஒரு கடை இருந்தது, அங்கே போவதாகச் சொன்னார்கள். அவர்கள் சாமான் ஏற்றிய அன்று நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவுடன் இருந்தேன். வண்டி எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பெரிய சாலைக்குப் போகவேண்டும். அப்பா அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

வண்டியை மொக்லிஸ் ஓட்டினார். பக்கத்தில் ருஷ்னா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. எங்கள் வீட்டருகே சாலை வளைவதால் வண்டி மெதுவாகத்தான் வந்தது. அப்பா கையைத் தூக்கினார். மொக்லிஸ் பார்த்தார். பார்த்தார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன. ஒன்றுகூட எழவில்லை. ருஷ்னாவின் முகம் சாலையைவிட்டுத் திரும்பவில்லை.

வண்டி வளைவில் மறைந்தது. அப்பா கையை இறக்கினார்.

"நியாயம்தான்," என்றார்.

தூறல் போட ஆரம்பித்தது. உள்ளே போகலாம் என்றேன். கேட்காதவர் போல நின்றிருந்தார். நான் போய் அவர் கோட்டை எடுத்துவந்து தோளில் போட்டேன்.